நவி மும்பையில் யூ2: கொழும்பிலிருந்து போய்க் கேட்டவரின் மதிப்பீடு

2019 டிசம்பர் 15ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நவி மும்பையின் நேருல் பகுதியிலுள்ள டி.வை. பாட்டில் மைதானத்தில் அயர்லாந்தின் யூ2 குழு நடத்திய இசைநிகழ்ச்சி, அதற்குச் செலவழித்த பணத்துக்கும் பட்ட அலைச்சலுக்கும் ஈடானதா என்று வெள்ளவத்தையில் என்னைக் காண்கிறவர்கள் கேட்கிறார்கள். ஈடானதுதான், ஆனால் அவர்கள் எதிர்பார்க்கிற காரணத்துக்காக அல்ல. நிகழ்ச்சியின் நடுப்பகுதி, அதாவது 1987இல் வெளிவந்த ‘த ஜோசுவா ட்ரீ’ இசைத்தொகுப்பை முதற்பாட்டிலிருந்து கடைசிப்பாட்டு வரை வரிசை மாறாமல் வாசித்த பகுதி, நான் நேரில் கேட்ட மேடை இசையில் ஆகச் சிறந்தது. அதற்குப் பின் வந்த பகுதி, ஒன்றிரண்டு இடங்களைத் தவிர, வந்திறங்கிய நாட்டைப் புகழும் மரியாதைப் பேச்சை விட்டு அதிக தூரம் போகவில்லை.

யூ2 இந்தியாவில் மேடையேறியது அதுவே முதல் தடவை. நவம்பர் 8ஆம் திகதி நியூசிலாந்தின் ஓக்லாந்தில் தொடங்கி, அவுஸ்திரேலியா, சிங்கப்பூர், ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ் என்று நகர்ந்துவந்த சுற்றுப்பயணத்தின் கடைசி இரவும் அதுதான். இந்த அளவிலான மேடையும் திரையும் கொழும்புக்கு வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை என்பது இங்கே இசை கேட்கிற எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகளே வரத் தயங்கிய ஆண்டு வேறு. கட்டுநாயக்கவிலிருந்து மும்பைக்கு நேரடி விமானத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், இந்திய விசாவை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம் என்பதால், அக்காவின் மகனையும் சேர்த்துக்கொண்டு புறப்பட்டேன். அவன் அந்த இசைத்தொகுப்பு வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவன். நானோ, இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தான அதே ஆண்டில், பம்பலப்பிட்டியில் ஒரு ரெக்கோடிங் பாரில் வெற்றுக் கசெற்றைக் கொடுத்துப் பிரதியெடுப்பித்துக் கேட்டவன். பாட்டுகளின் பெயர்களைக்கூட அந்தக் கடைக்காரர் பிழையாகத்தான் எழுதித் தந்திருந்தார்.

இந்தக் குழுவைப் பற்றி அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வதானால், 1976இல் டப்ளின் நகரில் ஒரு பாடசாலை மாணவன் அறிவித்தற்பலகையில் ஒட்டிய துண்டுக் கடதாசியிலிருந்து தொடங்கிய நால்வர் குழு இது. அந்த மாணவன்தான் இன்றும் ட்ரம்ஸ் வாசிக்கிற லாரி மல்லன். பாடகர் போனோ, கிட்டார் வாசிக்கிற எட்ஜ், பேஸ் வாசிக்கிற ஆடம் கிளேட்டன் ஆகிய மற்ற மூவரும் மாறவேயில்லை. சமூக அக்கறையுள்ள குழு என்ற பெயரை அவர்கள் நாற்பது ஆண்டுகளாகச் சுமக்கிறார்கள். அந்தப் பெயருக்குள்ள கடனும் அவர்கள் தலையில் உண்டு. வறிய நாடுகளின் கடனை நீக்கும்படி உலகத் தலைவர்களைக் கேட்டுக்கொண்டே, தங்கள் பாடல் உரிமை வருமான நிறுவனத்தை 2006இல் வரி குறைவான நெதர்லாந்துக்கு மாற்றியவர்களும் இவர்களே. இதை மறந்துவிட்டுப் பாட்டை மட்டும் கேளுங்கள் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். மேடையிலிருந்து நீதி பேசுகிறவரிடம் கணக்குக் கேட்பதற்குக் கேட்பவருக்கு உரிமை உண்டு.

மேடையமைப்பிலிருந்து தொடங்கலாம். பின்னால் நின்ற திரை ஏறத்தாழ 61 மீற்றர் அகலமும் 14 மீற்றர் உயரமும் கொண்டது. பொன்னிறப் பின்னணியில் வெள்ளி நிறத்தில் ஒரு பாலைவன மரத்தின் உருவம் அதன்மேல் வரையப்பட்டிருந்தது. அந்த மரத்தின் நிழல் நிலத்தில் விழுந்த வடிவில், நின்று பார்ப்போரின் கூட்டத்துக்கு நடுவே ஒரு சிறுமேடை நீண்டிருந்தது. முதற்பகுதியின்போது பெருந்திரை ஒளிரவேயில்லை. மல்லன் தனியாளாக அந்தச் சிறுமேடைக்கு நடந்துவந்து, இருந்து, அணிவகுப்புத் தாளத்தை அடிக்கத் தொடங்கினார். மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். இவ்வளவு பணத்தைத் திரையில் கொட்டிவிட்டு, முதல் அரைமணி நேரத்துக்கு அதைத் தொடாமல் விட்டது, கச்சேரியில் துக்கடாவைப் பின்னுக்கு வைக்கத் தெரிந்த வித்துவானின் அடக்கம்.

அந்த அணிவகுப்புத் தாளப் பாட்டு, 1972 ஜனவரி 30ஆம் திகதி வட அயர்லாந்தின் டெரி நகரில் உரிமைப் பேரணி சென்ற நிராயுதபாணிகள்மீது பிரித்தானிய இராணுவம் சுட்டதைப் பற்றியது. அன்றே 13 பேர் இறந்தார்கள். காயப்பட்ட இன்னொருவர் பின்னர் இறந்தார். சுட்டது நியாயமற்றது என்று விசாரணை அறிக்கை வெளிவரவும், பிரித்தானியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்கவும் 2010 வரை செல்ல வேண்டியிருந்தது. பாட்டு எவரையும் பழிவாங்க அழைக்கவில்லை. இன்னும் எத்தனை காலம் இதைப் பாடவேண்டும் என்றுதான் சலிக்கிறது. எங்களைச் சுற்றி நின்ற இளைஞர்கள் கைகளை உயர்த்தி அதைக் கொண்டாட்டமாகப் பாடினார்கள். அதில் குறைகாண எனக்கு மனமில்லை. தாளம் அப்படித்தான் கேட்கிறது. ஆனால் முப்பத்தெட்டு ஆண்டுகள் என்ற கணக்கு, ஆணைக்குழுக்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்த இலங்கையர் ஒருவரின் காதில் வேறு விதமாகத்தான் விழும்.

பின்னர் திரை எரிந்தது. முழுக்கச் சிவப்பாக ஒளிர்ந்த அந்த அகலத்துக்கு முன்னால் நால்வரும் கறுப்பு உருவங்களாக நிற்க, தொகுப்பின் முதற்பாட்டின் விசைப்பலகை இசை தொலைவிலிருந்து வருவதுபோல எழுந்தது. எட்ஜின் கிட்டார் ஆறு எண்ணிக்கைத் தாளத்தில் நுழைந்து, மற்ற வாத்தியங்கள் சேரும்போது நான்குக்கு மாறும் அந்த இடத்தில், பல்லாயிரம் பேர் ஒரே கணத்தில் துள்ளினார்கள். காலடியில் கொங்கிறீற்று அதிர்ந்ததை நான் உணர்ந்தேன். தெருக்களுக்குப் பெயரில்லாத ஓர் இடத்தை விரும்பிப் பாடுகிற பாட்டு அது. பெல்பாஸ்ட் நகரில் ஒருவர் வாழும் தெருவின் பெயரைக் கேட்டாலே அவருடைய மதத்தையும் வசதியையும் சொல்லிவிடலாம் என்பதிலிருந்து அது பிறந்தது. நாங்கள் வாழ்ந்த கொழும்பில் தெருவுக்குப் பதிலாக அடையாள அட்டையிலிருந்த பெயரும் பிறந்த இடமும் அந்த வேலையைச் செய்தன. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பிப் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே, அந்தக் காலை நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் எவரும் கதவைத் திறக்கவில்லை. பாட்டின் நடுவே அது என் நினைவுக்கு வந்தது என்று சொல்வதைவிட, அந்தப் பாட்டை இத்தனை காலமாக நான் விரும்பிக் கேட்டதன் காரணம் அப்போதுதான் பிடிபட்டது என்று சொல்வதே சரி.

ஒரு தொகுப்பை வரிசைப்படி வாசிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இதில் ஊரறிந்த மூன்று பாட்டுகளும் முதல் மூன்றாகவே வந்துவிடுகின்றன. அவற்றுக்காக மட்டும் வந்தவர்கள், நான்காம் பாட்டில் தொலைபேசியை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நான்காம் பாட்டிலிருந்துதான் இந்தக் குழுவின் உண்மையான முகம் தெரியத் தொடங்குகிறது. அமெரிக்கா எல் சல்வடோரின் உள்நாட்டுப் போரில் தலையிட்டதைக் கண்ட கோபத்தில் எழுதப்பட்ட அந்தப் பாட்டின்போது, திரையில் ஆண்களும் பெண்களுமாகப் பலர் ஒவ்வொருவராக ஓர் இராணுவத் தலைக்கவசத்தை எடுத்து அணிகிறார்கள். வேறொன்றும் நடப்பதில்லை. முதியவர் அணிகிறார், இளம்பெண் அணிகிறாள், முகங்கள் நேரே பார்க்கின்றன. எட்ஜின் கிட்டார் அலறுவதற்கும் அந்த முகங்கள் அசையாதிருப்பதற்கும் இடையிலுள்ள முரணை, படங்களை எடுத்த புகைப்படக் கலைஞர் அன்ரன் கோர்பைன் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார். 1987இல் தொகுப்பின் அட்டைப் படத்தை எடுத்தவரும் அவரே.

டப்ளினின் பலிமன் அடுக்குமாடிகளில் ஹெரோயினுக்கு இரையானவர்களைப் பற்றிய மெல்லிய பாட்டு, திறந்த மைதானத்தில் கரைந்துபோனது. அது சிறிய மண்டபத்துக்கான பாட்டு. 1984-85 பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது குடும்பங்கள் உடைந்ததைச் சொல்லும் பாட்டோ எதிர்பாராத வகையில் நிமிர்ந்து நின்றது. 2017 வரை அவர்கள் அதை மேடையில் வாசித்ததேயில்லை, போனோவின் குரலுக்கு அதன் உச்சங்கள் கடினம் என்பதால். இப்போது சுருதியை இறக்கி, திரையில் தோன்றுகிற பித்தளை வாத்தியக் குழுவின் துணையோடு அதை வேறு பாட்டாகவே ஆக்கியிருக்கிறார்கள். போனோவுக்கு அப்போது 59 வயது. முந்தைய ஆண்டு பெர்லினில் நிகழ்ச்சிக்கு நடுவே குரல் அடைத்து மேடையை விட்டு இறங்க நேர்ந்தவர். மும்பையில் அவருடைய குரல் மேல் ஸ்தாயியில் தேய்ந்திருந்தது உண்மை. அந்தத் தேய்வு இந்தப் பாட்டுகளுக்குப் பொருந்தியதும் உண்மை. இருபத்தாறு வயதுக் குரலில் ஒலிநாடாவில் கேட்டபோது சற்று நாடகத்தனமாக இருந்த வரிகள், இப்போது பட்டுத் தெளிந்தவரின் பேச்சாகக் கேட்டன.

தொகுப்பின் கடைசிப் பாட்டு, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரைப் பற்றியது. 1977 ஏப்ரலில் ஆர்ஜென்ரீனாவின் தலைநகரில், ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் நடக்கத் தொடங்கி, பின்னர் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்ட பெண்களையும், எல் சல்வடோரில் போனோ சந்தித்த தாய்மாரையும் நினைத்து எழுதப்பட்டது. மழை தகரக் கூரையில் விழுவதைப் போன்ற ஒரு தாளச் சுழற்சி, அதன்மேல் அடங்கிய கிட்டார், சொற்கள் மிகக் குறைவு. திரையில் பெண்கள் மெழுகுவர்த்தி ஏந்தி வரிசையாக நின்றார்கள். பாடகர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எங்களுக்கு முன்வரிசையில் இருந்த சிலர் அந்த நேரத்தில் எழுந்து குடிப்பதற்கு ஏதாவது வாங்கப் போனார்கள். இன்னொருவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்களுக்கு அது மெதுவான ஒரு பாட்டு. எனக்கு அது கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றல். அங்கே 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் தொடங்கிய போராட்டம், நாங்கள் மும்பையில் இருந்த அந்த இரவில் ஆயிரம் நாட்களைத் தாண்டியிருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான், போரின் இறுதிக் காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் நாட்டின் ஜனாதிபதியாகத் தெரிவாகியிருந்தார். அந்தத் தாய்மார் இனி யாரிடம் கேட்பார்கள் என்பதுதான் கொழும்பில் நாங்கள் அந்நாட்களில் குரலைத் தாழ்த்திக் கதைத்த விடயம்.

1998இல் சிலியின் சாந்தியாகோ நகரில் இதே பாட்டை வாசித்தபோது, தாய்மாரை மேடைக்கே அழைத்து, அவர்களுடைய பிள்ளைகளின் உடல்கள் எங்கே என்று சொல்லும்படி முன்னாள் இராணுவ ஆட்சியாளர் பினோசேயைப் பெயர் சொல்லிக் கேட்டார் போனோ. நிகழ்ச்சி அந்நாட்டுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. அந்தத் துணிச்சலைப் பற்றிப் படித்திருந்த எனக்கு, நவி மும்பையில் அடுத்து வந்த முக்கால் மணி நேரம் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

அந்த இறுதிப் பகுதியில் நல்லவை இல்லாமல் இல்லை. பெண்களுக்குக் காணிக்கையாக்கிய பாட்டின்போது திரையில் வந்த முகங்களில், 2017 செப்டெம்பர் 5ஆம் திகதி பெங்களூரில் தன் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்ட பத்திரிகையாளர் கௌரி லங்கேஷின் முகமும் இருந்தது. 2009 ஜனவரியில் அலுவலகத்துக்குப் போகும் வழியில் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்ட நகரத்திலிருந்து வந்தவனுக்கு அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அதைப் போலவே, ஏ.ஆர். ரஹ்மானும் அவருடைய மகள்மார் கதீஜாவும் ரஹீமாவும் மேடைக்கு வந்து, குழுவோடு சேர்ந்து சில வாரங்களுக்கு முன் வெளியிட்டிருந்த ‘அகிம்சா’ பாட்டைப் பாடினார்கள். அதன் தொடக்கமே திருக்குறள்: ‘அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை.’ இன்னாசெய்யாமை அதிகாரத்து 315ஆவது குறள், மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பேசுகிற ஒரு பெருங்கூட்டத்தின் மேலாக, எந்த மொழிபெயர்ப்பும் இல்லாமல், இரண்டு இளம்பெண்களின் குரலில் போயிற்று. மருமகன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். பாடசாலையில் மனப்பாடம் செய்து மறந்துபோன குறள் ஒன்று யூ2 மேடையில் வரும் என்று அவன் எங்கே எதிர்பார்த்தான். இசையாக மட்டும் பார்த்தால் அது சாதாரணமான பாட்டுத்தான். ரஹ்மானும் எட்ஜும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்றார்களே தவிர, இருவரில் எவரும் மற்றவரை எங்கும் இழுத்துச் செல்லவில்லை.

குறை பேச்சில்தான். காந்தியையும் அகிம்சையையும் இந்தியா உலகுக்குத் தந்த கொடையையும் போனோ பலவாறு போற்றினார். அவர் சொன்னது எதுவும் பொய்யல்ல. ஆனால் அது எந்த வாரம் என்பதை மறக்க முடியவில்லை. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு இந்தியக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வழங்கியது டிசம்பர் 12ஆம் திகதி. பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும் வழிவிட்ட அந்தச் சட்டத்தில், தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் ஏறத்தாழ 60,000 ஈழத் தமிழ் அகதிகளுக்கு இடமில்லை. அவர்களில் பலர் முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். என் சின்னம்மாவின் குடும்பமும் அவர்களில் ஒன்று. நிகழ்ச்சி நடந்த அதே மாலையில் டில்லியின் ஜாமியா மில்லியா பல்கலைக்கழக வளாகத்துக்குள் பொலிஸார் நுழைந்து மாணவர்களை அடித்தார்கள் என்ற செய்தியை, வெளியே வந்து தொலைபேசியைப் பார்த்தபோது அறிந்தோம். அகிம்சையைப் புகழ்வதே அந்த வாரத்தில் ஒரு மறைமுகமான பதில் என்று சிலர் வாதிடலாம், அதை நான் முற்றாக மறுக்கவில்லை. ஆயினும், சில நாட்களுக்கு முன்னர் மணிலாவில், மனித உரிமைகளில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்று அந்நாட்டு ஜனாதிபதிக்குப் பகிரங்கமாகச் செய்தி சொன்ன அதே மனிதர், நவி மும்பையில் பொதுச் சொற்களோடு நின்றுகொண்டதாகவே எனக்குப் பட்டது. அன்றிரவு துணிச்சல் முழுவதும் திரையிலும் பாட்டுகளிலும் இருந்தது, ஒலிவாங்கியில் இருக்கவில்லை.

இனி, அடுத்த சுற்றுப்பயணத்துக்குப் போக எண்ணுகிறவர்களுக்குப் பயன்படக்கூடிய சில விடயங்கள். மைதானம் 2008இல் திறக்கப்பட்ட கிரிக்கெற் மைதானம், ஐ.பி.எல். இறுதியாட்டங்கள் நடந்த இடம். திறந்தவெளியில் ஒலி எப்படி இருக்குமோ என்ற என் பயம் பெரும்பாலும் வீண். பாடகரின் குரலும் கிட்டாரும் தெளிவாகக் கேட்டன, பேஸ் மட்டும் மேல் வரிசைகளில் குழம்பிற்று. மும்பை விமான நிலையத்தின் அருகே தங்குவதைவிட, நேருல் அல்லது வாஷி பக்கம் தங்குவது நல்லது. நிகழ்ச்சி முடிந்து அத்தனை பேரும் ஒரே வீதியில் இறங்கும்போது, வாஷிப் பாலத்தைத் தாண்டி நகருக்குள் போவது நள்ளிரவைக் கடந்த காரியம். கொழும்பில் ‘எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லும் பயண முகவர்களிடம் போகாதீர்கள். நாங்கள் போன இடத்தில் நுழைவுச்சீட்டின்மேல் அவர்கள் வைத்த தரகு, விமானக் கட்டணத்தோடு போட்டியிட்டது. இணையத்தில் நேரடியாக எடுத்திருந்தால் அந்தப் பணத்தில் இன்னொருவரையும் கூட்டிப்போயிருக்கலாம்.

இடத்தைத் தெரிவு செய்வதில்தான் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு. திரையை மையமாக வைத்து அமைக்கப்பட்ட நிகழ்ச்சியில் மேடைக்கு நேரெதிரே, நடு உயரத்தில் இருந்தால்தான் 61 மீற்றர் அகலமும் கண்ணுக்குள் அடங்கும். கூடுதல் விலை கொடுத்து முன்னால் நிற்பவர்களுக்குத் தலைக்கவசம் அணியும் முகங்களில் பாதி தெரிந்திருக்காது என்பது என் கட்சி. சிறுமேடைக்குப் பக்கத்தில் நின்று மல்லனின் கைகளைப் பார்ப்பதற்கு எந்தத் திரையும் ஈடாகாது, அதோடு இறுதிப் பகுதியில் ஆடுவதற்கு இருக்கை வரிசையில் இடமேயில்லை என்பது மருமகனின் கட்சி. “மாமா, உங்களுக்கு மெதுவான பாட்டு என்றால்தான் பாட்டு” என்று விமானத்தில் வரும்போதும் சொல்லிக்கொண்டு வந்தான். அடுத்த தடவை ஆளுக்கொரு பகுதியில் நுழைவுச்சீட்டு எடுப்பதென்று பேசி வைத்திருக்கிறோம்.